‘வந்து’ என்ன பாவம் செய்தது?

(நூலக வாசகர் வட்டக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என்னைப் பேச அழைத்தவர்கள் தலைப்போடு ஒரு பட்டியலையும் அனுப்பி வைத்தார்கள். இந்த வாசகர் வட்டத்து உறுப்பினர்களுக்கு அன்றாடப் பேச்சில் எரிச்சலூட்டும் சொற்கள் எவை என்று கேட்டுத் தொகுத்த பட்டியல். ‘வந்து’ முதலிடத்தில் நிற்கிறது. அதற்குக் கீழே ‘பாத்தீங்கன்னா’, ‘ஆக்சுவலி’, ‘அதாவது’, ‘என்னன்னா’, ‘புரியுதா?’, ‘சொல்லப்போனா’, ‘ஒரு மாதிரி’, ‘அப்புறம்’. பக்கத்திலேயே யார் அப்படிப் பேசுகிறார்கள் என்ற குறிப்பும் இருக்கிறது: மருமகன், மேலாளர், பேத்தி, பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற அதிகாரி, தொலைக்காட்சிக்காரர்கள். ‘நான்’ என்று ஒருவரும் எழுதவில்லை. வியப்பில்லை. ஒருவர் தன் பேச்சில் வரும் இந்தச் சொற்களைத் தானே கேட்பதில்லை. கைபேசியில் பதிவுசெய்து திரும்பப் போட்டால்தான் தெரியும். அப்போதும் முதலில் ‘இது என் குரலே இல்லையே’ என்றுதான் சொல்வோம்.

பட்டியலைப் படித்ததும் எனக்கு ஒன்று தோன்றியது. அதைத்தான் இன்று சொல்லப் போகிறேன். நாம் எரிச்சல்படும் சொற்களில் பாதிக்குமேல் ஒரு பாவமும் அறியாதவை. நியாயமாக எரிச்சல்பட வேண்டிய பேச்சுப் பழக்கங்கள் வேறு சில உண்டு. அவற்றுக்கு நாம் மாலை போட்டுக் கைதட்டிக்கொண்டிருக்கிறோம்.

முதலில் ‘வந்து’. “நான் வந்து, நாளைக்கு வந்து, வரமாட்டேன்” என்று ஒருவர் சொன்னால் நாம் சிரிக்கிறோம். வருவதாகவும் சொல்கிறார், வராததாகவும் சொல்கிறார் என்று கேலி செய்கிறோம். ஆனால் அந்த வாக்கியத்தில் ‘வந்து’ எங்கெங்கே நிற்கிறது என்று பாருங்கள். ‘நான்’ என்பதற்குப் பின்னால் ஒன்று. ‘நாளைக்கு’ என்பதற்குப் பின்னால் ஒன்று. “சிவப்பு வந்து சட்டை” என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? “மூணு வந்து இட்லி”? எவ்வளவு தடுமாறுகிறவரும் அப்படிச் சொல்வதில்லை. வாக்கியத்தின் கடைசியில், வினைமுற்றுக்குப் பின்னால், இந்த ‘வந்து’ வருவதில்லை. யாரைப் பற்றி, எதைப் பற்றி, எப்போது என்பதைச் சொல்லி முடித்த இடத்தில், சேதி இன்னும் தொடங்காத இடத்தில்தான் அது வரும். “எங்க அப்பா வந்து வாத்தியார்.” இதில் தடுமாற்றமே இல்லை. ‘இப்போது பேச்சு அப்பாவைப் பற்றி’ என்று எடுத்து நிறுத்திவிட்டு மேலே போகிறார், அவ்வளவுதான். இப்படி இடம் பார்த்து, விதி பிசகாமல் வருகிற ஒரு சொல்லைக் குப்பை என்று எப்படித் தள்ளுவது?

இதற்குத் தமிழின் வாக்கிய அமைப்பும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். தமிழில் வினைமுற்று கடைசியில் வருகிறது. காலம், யார் செய்தது, செய்தாரா இல்லையா, எல்லாம் அந்தக் கடைசிச் சொல்லில் அடங்கியிருக்கிறது. “உங்க பையனை நேத்து பஸ் ஸ்டாண்டுல வந்து...” என்பதுவரை கேட்ட தகப்பனுக்கு வயிற்றைக் கலக்கும். பார்த்தேனா, பார்க்கவில்லையா, யாரோ அடித்தார்களா? சொல்கிறவர் அதுவரை எல்லாவற்றையும் மனதில் தூக்கிக்கொண்டு போக வேண்டும். போகிற வழியில் ஓர் இடத்தில் நின்று மூச்சுவிட்டுக்கொள்வது குற்றமா?

இது இன்றைய தலைமுறையின் நோய் என்று நினைப்பவர்களுக்கு ஒரு சொல்லை நினைவூட்டுகிறேன். கதாகாலட்சேபம் கேட்டவர்களுக்கும் தெருக்கூத்து பார்த்தவர்களுக்கும் தெரியும். “அதாகப்பட்டது...” “ராஜாவாகப்பட்டவர் என்ன பண்ணினார்...” “இந்தச் சீதையாகப்பட்டவள்...” இந்த ‘ஆகப்பட்டவர்’ யார்? ராஜாவைத் தவிர வேறு யாருமில்லை. பொருள் கூடவில்லை, குறையவும் இல்லை. கதை சொல்கிறவர் ராஜாவை மேடையில் நிறுத்திவிட்டு, அடுத்து அவர் என்ன செய்தார் என்பதை எடுத்துக்கொள்ள ஒரு நொடி வாங்குகிறார். “ராஜா வந்து” என்று பத்தாம் வகுப்புப் பையன் சொன்னால் கேலி. “ராஜாவாகப்பட்டவர்” என்று பாகவதர் சொன்னால் சம்பிரதாயம். வேலை ஒன்றுதான்.

இந்த ஒரு நொடி ஏன் தேவைப்படுகிறது என்பதை மொழியறிஞர்களும் உளவியலாளர்களும் ஓரளவு அளந்து பார்த்திருக்கிறார்கள். 2009-இல் ஒரு பன்னாட்டு ஆய்வுக் குழு உலகின் வெவ்வேறு மூலைகளிலிருந்து 10 மொழிகளை எடுத்துக்கொண்டு, ஒருவர் கேட்ட கேள்விக்கும் மற்றவர் பதிலுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி விழுகிறது என்று பார்த்தது. சராசரியாக 200 மில்லிநொடி அளவில்தான் இருந்தது. ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு. மொழிக்கு மொழி சின்ன வேறுபாடு உண்டே தவிர பெரிதாக மாறவில்லை. ஆனால் ஒரு படத்தைக் காட்டி ‘இது என்ன?’ என்று கேட்டால், அதன் பெயரை மனதில் தேடி எடுத்து வாயைத் திறக்க ஏறத்தாழ 600 மில்லிநொடி ஆகிறது. ஒற்றைச் சொல்லுக்கே இவ்வளவு என்றால் முழு வாக்கியத்துக்கு? ஆக, எதிரில் இருப்பவர் பேசி முடிப்பதற்கு முன்பே நம் பதிலை உள்ளே கட்டத் தொடங்கியிருக்க வேண்டும். கட்டி முடிக்கும் முன் முறை வந்துவிட்டால்? சும்மா இருந்தால் மற்றவர் புகுந்துவிடுவார். ‘ம்ம்... வந்து...’ என்று ஒரு சத்தம் கொடுத்தால் ‘இது என் முறை, நான் இன்னும் முடிக்கவில்லை’ என்று அவருக்குத் தெரியும். பேசும் முறையைக் கைவிடாமல் பிடித்துக்கொள்ள இந்த ஒலிகள் உதவுகின்றன என்று மெக்லே, ஆஸ்குட் என்ற இரு அமெரிக்க அறிஞர்கள் 1959-லேயே எழுதினார்கள்.

ஹெர்பர்ட் கிளார்க், ஜீன் ஃபாக்ஸ் ட்ரீ இருவரும் 2002-இல் எழுதிய கட்டுரை இன்னும் சுவையானது. ஆங்கிலம் பேசுபவர்களின் ‘அ’, ‘அம்’ என்ற இழுப்புகள் இரண்டும் ஒன்றல்ல என்றார்கள். சின்னத் தாமதம் என்றால் முதலாவது, நீண்ட தாமதம் என்றால் இரண்டாவது. பேசுகிறவர் தனக்கே தெரியாமல் கேட்கிறவருக்கு முன்னறிவிப்புக் கொடுக்கிறார். கேட்கிறவருக்கும் இதில் ஆதாயம் உண்டு. திரையில் சில பொருள்களைக் காட்டி, கண் எங்கே போகிறது என்று பார்த்த சோதனைகளில், பேசுகிறவர் தயங்கினால் கேட்பவரின் கண் அதுவரை பேச்சில் வராத பொருளை நோக்கிப் போனது. தயக்கம் கேட்டதும், ‘புதிதாக ஏதோ சொல்லப் போகிறார்’ என்று மனம் தயாராகிவிடுகிறது. நம் வீடுகளிலும் இதைப் பார்க்கலாம். “அப்பா... வந்து...” என்று மகள் இழுத்தால், அவள் கேட்கப் போவது பத்து ரூபாய் அல்ல என்று எந்த அப்பாவுக்கும் தெரியும்.

பேராசிரியர்களைப் பற்றிய ஓர் ஆய்வையும் சொல்ல வேண்டும். இங்கே ஆசிரியர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டான்லி ஷாக்டரும் அவருடைய குழுவினரும் 1991-இல் வெளியிட்டது. வகுப்பறைகளில் உட்கார்ந்து, விரிவுரையாளர்கள் எத்தனை முறை ‘அ... அம்...’ என்று இழுக்கிறார்கள் என்று எண்ணினார்கள். இயற்கை அறிவியல் நடத்துகிறவர்கள் குறைவாக இழுத்தார்கள். சமூக அறிவியல்காரர்கள் அதைவிட அதிகம். இலக்கியம், கலை, தத்துவம் நடத்துகிறவர்கள் எல்லாரையும் மிஞ்சிவிட்டார்கள். இலக்கியக்காரர்கள் திறமையற்றவர்கள் என்று அவசரப்பட்டு முடிவு கட்டாதீர்கள். எல்லாத் துறையினரையும் பொதுவான ஒரு விஷயத்தைப் பற்றிப் பேச வைத்தபோது இந்த வேறுபாடு மறைந்துவிட்டது. ஷாக்டர் தந்த விளக்கம்: அறிவியலில் ஒன்றைச் சொல்ல ஒரு சொல்தான் இருக்கிறது, இலக்கியத்தில் பத்துச் சொல் இருக்கிறது, எதை எடுப்பது என்று மனம் ஒவ்வொரு முறையும் நிற்கிறது. இழுவை அதிகமான இடத்தில் தேர்வும் அதிகம். தமிழாசிரியர்கள் இதை வெட்டி எடுத்து ஓய்வறையில் ஒட்டிக்கொள்ளலாம்.

தமிழாசிரியர் என்றதும் தொல்காப்பியர் நினைவுக்கு வருகிறார். சொல்லதிகாரத்தின் ஏழாவது இயல் இடையியல். அங்கே இடைச்சொற்களை வகைப்படுத்தும்போது, அசைநிலையாக வருபவை, இசை நிறைக்க வருபவை என்று இரண்டு வகைக்குத் தனி இடம் கொடுக்கிறார். தமக்கென்று பொருள் இல்லாத சொற்களுக்கு இலக்கண நூலில் இடம்! யா, கா, பிற, பிறக்கு, அரோ, போ, மாது என்று பெயர் சொல்லி எண்ணுகிறார். முன்னிலையில் இருப்பவரோடு பேசும்போது மட்டும் ஒட்டிக்கொள்ளும் அசைகளை, மியா, மதி, சின் போன்றவற்றை, வேறாகப் பிரிக்கிறார். ‘அம்ம’ என்ற சொல்லுக்கு என்ன வேலை என்றால், எதிரில் இருப்பவரைக் கேட்கச் செய்வது என்கிறார். காப்பியங்களில் வரி முடிவில் ‘அரோ’ என்றும் ‘மாதோ’ என்றும் வந்து நிற்கும்போது உரையாசிரியர்கள் பதறுவதில்லை. ‘அசை’ என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டு அடுத்த பாட்டுக்குப் போகிறார்கள். ‘பொருளில்லாமல் ஏன் வந்தாய்?’ என்று ஒருவரும் அந்தச் சொல்லை விசாரிக்கவில்லை. பொருள் இல்லை என்பது ஒன்று, வேலை இல்லை என்பது வேறொன்று. இந்த வேறுபாடு அவர்களுக்குத் தெளிவாக இருந்தது. ஆகவே ‘வந்து’வுக்கும் ‘பாத்தீங்கன்னா’வுக்கும் ‘அசைச்சொல்’ என்ற பெயர் பொருந்தும் என்று நினைக்கிறேன். இந்த உரையில் அப்படியே அழைக்கிறேன்.

இனி, கொஞ்சம் கசப்பான இடத்துக்கு வருகிறேன். யாருடைய அசைச்சொல் நமக்கு எரிச்சல் தருகிறது?

திங்கட்கிழமைகளில் ஆட்சியர் அலுவலகங்களில் மக்கள் குறைதீர்க்கும் கூட்டம் நடக்கும். மனுவோடு வரிசையில் நின்று, முறை வந்ததும் முன்னால் போகிற ஒரு பெரியவரைக் கவனியுங்கள். “வந்துங்கய்யா... எங்க ஊர்ல வந்துங்கய்யா... ஓடைப் புறம்போக்குல வந்துங்க...” காலையிலிருந்து மனதுக்குள் சொல்லிப் பார்த்த வாக்கியம் மேசைக்கு முன்னால் வந்ததும் உடைந்து போகிறது. “விஷயத்துக்கு வாய்யா” என்று ஒரு குரல் அதட்டும். அதட்டுகிற குரலிலும் அசைச்சொல் உண்டு: “புரியுதா?” “சரியா?” “நான் என்ன சொல்றேன்னா...” அதை யாரும் அதட்டுவதில்லை. நீதிமன்றத்திலும் சாட்சியின் இழுவைகள் எல்லாம் களையப்பட்டு ஒழுங்கான உரைநடையாகத்தான் பதிவாகின்றன. இன்று நான் பேசுவதையும் நாளை அச்சில் ஏற்றும்போது ‘வந்து’களை எல்லாம் எடுத்துவிடுவார்கள். படிக்கிறவர்கள் நான் தங்குதடையின்றிப் பேசியதாக நினைத்துக்கொள்வார்கள். பெரியவருக்கு அந்த வசதி இல்லை.

நேர்முகத் தேர்வுக்குப் போகிற பெண், மாமியாரிடம் தாய்வீட்டுக்குப் போகவேண்டும் என்று கேட்கிற மருமகள், மருத்துவரிடம் சொல்லக் கூசும் நோயைச் சொல்கிற நோயாளி, இவர்கள் வாயில்தான் ‘வந்து’ அதிகம். அஞ்சுகிறவர்களின் சொல் அது. அதைக் கேட்டு எரிச்சல்படும் வசதி அஞ்சத் தேவையில்லாதவர்களுக்கு வாய்க்கிறது. திக்குவாய் உள்ளவர்கள் இன்னொரு வகை. வராமல் முரண்டு பிடிக்கும் எழுத்துக்கு முன்னால் ‘வந்து’, ‘அந்த’ என்று எளிதாக வரும் ஒரு சொல்லைப் போட்டு, அதன் வேகத்தில் கடந்துபோவது அவர்களில் பலர் தாங்களே கண்டுபிடித்துக்கொள்ளும் உபாயம். கேலி செய்யும் முன் ஒரு கணம் இதையும் நினைக்கலாம்.

சரி, அப்படியானால் எரிச்சல்படவே கூடாதா? படலாம். படவேண்டிய இடங்களைச் சொல்கிறேன்.

‘பாத்தீங்கன்னா’வை எடுத்துக்கொள்வோம். எதிரில் இருப்பவரைக் கவனிக்க வைக்கும் சொல் என்ற வகையில் இது ‘அம்ம’வின் வாரிசு. நல்ல குடும்பம்தான். ஆனால் சமையல் காணொளியில் “இப்ப நாம பாத்தீங்கன்னா, வெங்காயத்தை பாத்தீங்கன்னா, பொன்னிறமா பாத்தீங்கன்னா” என்று வரும்போது, வெங்காயம் கருகிப் போய்விடுமோ என்று நமக்குத்தான் பதற்றம். வானொலியில் கூடக் கேட்டிருக்கிறேன், “பாத்தீங்கன்னா” என்று. எதைப் பார்ப்பது? எனினும் இதையும் மன்னித்துவிடலாம்; எதிரில் ஆள் இல்லாமல், தலையாட்டுவதற்கு ஒருவரும் இல்லாமல், கேமராவைப் பார்த்துப் பேசுகிறவர்களின் தனிமையில் வருகிற சொல் அது.

நேரலைச் செய்தியாளர்களின் மொழிக்கு வருவோம். நிலையத்திலிருந்து நெறியாளர் கேள்வி கேட்டதும் பதில் “நிச்சயமாக” என்றுதான் தொடங்கும். “எத்தனை பேர் காயமடைந்திருக்கிறார்கள்?” “நிச்சயமாக. இந்தப் பகுதியில் இருக்கக்கூடிய மக்கள், இங்கே நின்றுகொண்டிருக்கக்கூடிய காவல் துறையினர், வந்துகொண்டிருக்கக்கூடிய ஆம்புலன்ஸ்...” இருக்கும் மக்கள் என்றால் போதாதா? ‘கூடிய’ எதற்கு? நான் பல நாள் யோசித்தேன். எனக்குத் தெரிந்த விடை இதுதான்: சொல்வதற்குப் புதிதாக ஒன்றும் இல்லாதபோதும் அவர் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். ‘இருக்கும்’ இரண்டு அசை; ‘இருக்கக்கூடிய’ அதைப்போல் இரண்டு மடங்கு. ஒவ்வொரு பெயரெச்சத்திலும் ஒரு துண்டு நேரம் மிச்சம். பாவம், செய்தியாளரை நான் குறை சொல்லமாட்டேன். காதில் செருகிய கருவியில் ‘இன்னும் இரண்டு நிமிடம் இழு’ என்று யாரோ சொல்லிக்கொண்டிருக்கலாம். ஆனால் அந்த ‘கூடிய’ இப்போது நேரலையை விட்டு வெளியே வந்துவிட்டது. பள்ளித் தலைமையாசிரியர் பேசுகிறார்: “நம் பள்ளியில் படிக்கக்கூடிய மாணவர்கள்.” வங்கி மேலாளர் பேசுகிறார்: “நம்மிடம் இருக்கக்கூடிய திட்டங்கள்.” அவர்களுக்கு யார் இரண்டு நிமிடம் இழுக்கச் சொன்னது?

அச்சு உலகம் தன்னைச் சுத்தம் என்று நினைத்துக்கொள்ளும். “என்பது குறிப்பிடத்தக்கது” என்ற வால் இல்லாமல் முடியும் செய்திகள் எத்தனை? குறிப்பிடத்தக்கதாக இருந்ததால்தானே குறிப்பிட்டீர்கள்? பேச்சில் வருகிற ‘வந்து’வுக்காவது யோசிக்க நேரம் இல்லை என்ற சாக்கு உண்டு. எழுதுகிறவருக்கு அந்தச் சாக்கும் கிடையாது.

எல்லாவற்றையும்விடப் பெரிய அசைச்சொல் நம் மேடைகளில் இருக்கிறது. தொல்காப்பியர் விளிமரபு என்று ஒரு தனி இயலே எழுதினார் என்பதற்காக நாம் ஒவ்வொரு கூட்டத்திலும் அதை நடைமுறைப்படுத்திக் காட்ட வேண்டியதில்லை. “விழாத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் அவர்களே, வரவேற்புரை ஆற்றி அமர்ந்திருக்கும் அவர்களே, எனக்கு முன்னர் உரையாற்றிய அவர்களே, எனக்குப் பின்னர் உரையாற்றவிருக்கும் அவர்களே...” பட்டம், பதவி, அடைமொழி எல்லாம் சேர்த்துப் பத்து நிமிடம். அடுத்து வருபவரும் அதே பத்து நிமிடம். பிறகு “நேரமின்மை காரணமாகச் சுருக்கமாகச் சொல்கிறேன்” என்பார்கள். அங்கிருந்து அரைமணி நேரம். “இறுதியாக” என்பார்கள், அதற்குப் பிறகு “முடிவாக”, அதற்கும் பிறகு “நிறைவாக”. இவ்வளவும் ஒரு தடுமாற்றம் இல்லாமல், ஒரு ‘வந்து’ இல்லாமல், அருவி மாதிரிக் கொட்டும். ஏனென்றால் இதில் யோசிப்பதற்கு எதுவும் இல்லை. தெரிந்தெடுக்கச் சொல் இல்லாத இடத்தில் தயக்கம் எப்படி வரும்? மிகைபடக் கூறல், கூறியது கூறல், வெற்றெனத் தொடுத்தல், நின்று பயன் இன்மை என்று நன்னூல் எண்ணும் இந்தக் குற்றங்கள் எல்லாமே இங்கே உண்டு. திருக்குறளில் பயனில சொல்லாமை என்று ஒரு முழு அதிகாரம் இருக்கிறது. அதை மேடையில் மேற்கோள் காட்டிப் பேசுகிறவர்களிடமும் இந்தக் குற்றங்கள் உண்டு. இப்படிப் பேசுபவரை நாம் ‘நாவலர்’ என்கிறோம். ‘வந்து’ சொல்கிற பையனைப் ‘பேசத் தெரியாதவன்’ என்கிறோம். என் வழக்கே இந்த அநியாயத்தைப் பற்றித்தான்.

வட்டார அசைகளைப் பற்றி யாரும் உங்கள் பட்டியலில் குறை சொல்லவில்லை என்பதையும் கவனித்தேன். நெல்லைக்காரர் “பாத்துக்கிடுங்க” என்பார். கோவைப் பக்கத்தில் ‘ங்க’ எல்லாச் சொல்லிலும் போய் உட்காரும். யாழ்ப்பாணத்தார் வாக்கியத்தின் முடிவில் “என்ன?” என்று ஒன்று போடுவார்கள், அது கேள்வி இல்லை, நம்மையும் தம்மோடு சேர்த்துக்கொள்வது. மலேசியத் தமிழரின் ‘லா’ இன்னொன்று. இவற்றை மண் வாசனை என்கிறோம், ரசிக்கிறோம். அதே வேலையைச் செய்கிற ‘ஆக்சுவலி’, ‘பேசிக்கலி’, ‘லைக்’, ‘சோ’ வந்தால் மட்டும் முகம் சுளிக்கிறோம். ஆங்கிலம் என்பதாலா? ஓரளவு. ஆனால் நாமே பஸ், டிக்கெட், சினிமா என்று பேசிவிட்டுத்தான் முகம் சுளிக்கிறோம். இளையவர்கள் சொல்கிறார்கள் என்பதும் ஒரு காரணம் என்று எனக்குப் படுகிறது. ‘ஆக்சுவலி’யில் எனக்கும் ஒரு வருத்தம் உண்டு: உண்மையில் நடந்தது வேறு என்று சொல்வதற்கு இருந்த ஒரு நல்ல சொல், “ஆக்சுவலி எனக்கு டீ போதும்” என்ற இடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது. ‘பேசிக்கலி’க்கு நான் வாதாட மாட்டேன். அதற்குப் பின்னால் அடிப்படையான எதையும் இதுவரை கேட்டதில்லை.

இவற்றை விட்டொழிக்க வழி உண்டா என்று கேட்பீர்கள். 1924-இல் அமெரிக்காவில் ரால்ஃப் ஸ்மெட்லி தொடங்கிய டோஸ்ட்மாஸ்டர்ஸ் என்ற பேச்சுப் பயிற்சி அமைப்புக்கு நம் ஊர்களிலும் கிளைகள் இருக்கின்றன. அவர்களுடைய கூட்டத்தில் அசைச்சொற்களை எண்ணுவதற்கென்றே ஒருவரை உட்கார வைப்பார்கள். கடைசியில் எழுந்து, இன்னாருக்கு இத்தனை என்று வாசிப்பார். பயன் இருக்கிறது, பேசுகிறவர் தன் பேச்சைத் தானே கேட்கத் தொடங்குகிறார், இழுக்கிற இடத்தில் வாயை மூடிக்கொண்டு மௌனமாக நிற்கப் பழகுகிறார். மேடைக்கு இது நல்லது. வீட்டுக்குள் கொண்டுபோக வேண்டாம். மனைவி பேசும்போது எண்ணிக்கொண்டிருந்து கடைசியில் கணக்குச் சொல்கிற கணவனின் கதி என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

பள்ளிகளில் நடக்கும் பேச்சுப் போட்டிகளைப் பார்த்திருப்பீர்கள். ஐந்தாம் வகுப்புக் குழந்தை, யாரோ எழுதிக் கொடுத்ததை, கை நீட்டி, குரல் உயர்த்தி, ஒரு தடங்கல் இல்லாமல் கொட்டும். நடுவராக இருந்த ஒரு போட்டியில், பேசி முடித்த சிறுமியிடம், “பாரதியார் கிட்ட உனக்கு எது பிடிக்கும்மா?” என்று கேட்டேன். “அவர் வந்து...” என்று தொடங்கி நின்றாள். பக்கத்தில் இருந்த நடுவர் மதிப்பெண் தாளில் ஏதோ குறைத்தார். “அவர் வந்து... மீசையை வந்து... முறுக்கிட்டு, பயப்படாம இருப்பாரு” என்றாள். அன்று மேடையில் நான் கேட்டதில் அந்தக் குழந்தையுடையது என்று சொல்லக்கூடிய வாக்கியம் அது ஒன்றுதான். நான் கூட்டிப் போட்டேன்.

பேசுகிறவரின் அசையைப் பற்றியே சொல்லிக்கொண்டிருக்கிறேன். கேட்கிறவருக்கும் ஓர் அசை உண்டு: ‘ம்’. பாட்டி கதை சொல்லும்போது நாம் ‘ம்’ கொட்டவேண்டும். கொட்டாவிட்டால் “தூங்கிட்டியா?” என்று கதை நின்றுவிடும். வில்லுப்பாட்டில் பக்கத்தில் இருப்பவர் “ஆமா” போடாவிட்டால் கதை நகராது. 2020-இல் பெருந்தொற்றுக் காலத்தில் வகுப்புகள் இணையவழிக்குப் போனபோது, மாணவர்களின் ஒலியை அணைத்து வைக்கச் சொன்னார்கள். அந்த ‘ம்’ போய்விட்டது. கறுப்புக் கட்டங்களைப் பார்த்துப் பேசிய ஆசிரியர்கள் வரிக்கு வரி “கேக்குதா? புரியுதா? லைன்ல இருக்கீங்களா?” என்று கேட்கத் தொடங்கினார்கள். கேட்பவர் தரவேண்டிய அசையை யாரும் தராதபோது, பேசுகிறவர் அதையும் சேர்த்துப் போட்டுக்கொள்ள வேண்டியதாகிறது.

இயந்திரங்களுக்கும் இது தெரிந்துவிட்டது. 2018-இல் கூகுள் நிறுவனம், தொலைபேசியில் மனிதரைப்போல் பேசி முடிதிருத்தகத்தில் நேரம் குறித்துத் தரும் டூப்ளெக்ஸ் என்ற மென்பொருளை மேடையில் செய்து காட்டியது. ‘அம்’, ‘ம்-ம்’ என்று அது இழுத்ததும் அரங்கம் சிரித்தது. யோசிக்க நேரம் தேவையில்லாத ஓர் இயந்திரம் யோசிப்பதுபோல் பாவனை செய்தது. எதிர்முனையில் இருந்த பெண் சந்தேகப்படவே இல்லை. ஒரு பொறி மனிதனாக நடிக்க முதலில் கற்றுக்கொண்ட பாடங்களில் நாம் பிள்ளைகளிடம் திருத்தச் சொல்லும் பிழையும் ஒன்று.

கடைசியாகப் பட்டியலில் கடைசியில் இருந்த ‘அப்புறம்’. தொலைபேசியில் சொல்லவேண்டியது எல்லாம் தீர்ந்ததும் வருகிற ‘அப்புறம்’தான். எழுதிக் கொடுத்த நண்பர், “ஒன்றும் இல்லை என்றால் வைத்துவிட வேண்டியதுதானே, அப்புறம் என்ன அப்புறம்?” என்று கோபமாகக் கேட்டிருக்கிறார். உரையாடலை முடிப்பது அவ்வளவு எளிதல்ல என்று ஷெக்லாஃப், சாக்ஸ் என்ற இரு அறிஞர்கள் 1973-இல் ஒரு நீண்ட கட்டுரையே எழுதியிருக்கிறார்கள். இருவரும் ஒரே நேரத்தில் நிறுத்தவேண்டும். சொல்லாமல் விட்டது ஏதாவது இருந்தால் மற்றவருக்கு அதற்கு இடம் தரவேண்டும். ‘உன்னோடு பேச விருப்பமில்லை’ என்று தோன்றிவிடவும் கூடாது. நம் ஊரில் இது எப்படி நடக்கிறது? “அப்புறம்?” “வேற ஒண்ணும் இல்ல.” “சரி.” “ம், சரி.” “வச்சிடட்டுமா?” “சரி வை... ஆங், உங்க அத்தைக்கு முட்டி வலின்னாங்களே, எப்படி இருக்கு?” அந்த ‘அப்புறம்’ விட்ட இடைவெளியில்தான் அத்தையின் முட்டிவலி வெளியே வந்தது. ஊரில் தனியாக இருக்கும் அம்மா, மகனிடம் சொல்லத் தயங்கிக்கொண்டிருந்த சேதி பெரும்பாலும் இரண்டாவது ‘அப்புற’த்துக்குப் பிறகுதான் வரும். வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள் யாராவது இங்கே வந்திருந்தால், முதல் ‘அப்புற’த்திலேயே வைத்துவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நான் சொல்ல இருந்தது இவ்வளவுதான். கேள்விகளுக்கு நேரம் ஒதுக்கியிருப்பதாகச் சொன்னார்கள். பின்வரிசையில் பச்சைச் சட்டை போட்ட தம்பி ரொம்ப நேரமாகக் கையை உயர்த்துவதும் இறக்குவதுமாக இருக்கிறார். அவரிடம் ஒலிவாங்கியைக் கொடுங்கள்.